திரைக்குக் கீழே இருந்த கைகள்

இரண்டாயிரத்து இருபத்தொன்றாம் ஆண்டின் மழைக்காலத்தில்தான் கீழ்வீட்டுப் பேருந்து ஓட்டுநரை முதன்முதலாகச் சந்தித்தேன். ஒரு விபத்துக்குப் பின் அவருடைய கைகள் நடுங்கின. நடுக்கம் நின்றால்தான் மீண்டும் வேலை. மனநல ஆலோசகரிடம் கைப்பேசிக் காணொளியில் பேச வீட்டில் தனியிடம் இல்லாததால், வியாழன்தோறும் என் மாடியறையைக் கேட்டுப் பெற்றார்.

“அந்தம்மாவுக்கு என் மூஞ்சிதாம்மா தெரியுது. நடுங்குற கை தெரியவே இல்லையே, எப்படிச் சரியாகும்?” என்று சிரிப்பார்.

ஐந்தாம் மாதத்தில் நடுக்கம் நின்றது. ஆலோசகர் விடைகொடுத்தார்; வேலையும் கிடைத்தது. ஆனால், குணப்படுத்தியது ஆலோசகரின் பேச்சா, யாரும் தட்டாத அந்த மாடியறைக் கதவா என்பது அவருக்கும் விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை.

கடைசியாக வந்தபோது தயங்கி நின்றார்.

“எதை விட்டா மறுபடி நடுங்குமோ தெரியலைம்மா. வியாழக்கிழமை மட்டும் ரூமைக் குடுங்க. போன் இல்லாம சும்மா உக்காந்து பாக்குறேன்.”