கோட்டை வாசலில் கிராணியார்

ஜப்பான் படைக்குப் பயந்து வெள்ளைக்காரத் துரை ஓடிய மறுநாளே, மலாயாவின் கேமரன் மலைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி ஆர்தரின் முதுகு ஜப்பான்காரனுக்கு வளையப் பழகிவிட்டது. எலும்பு என்று ஒன்று இருந்தால்தானே சிரமம்! லயத்துக் கூலிச் சனம் மரவள்ளியைத் தின்று கிடக்க, அரிசி ஏற்றவேண்டிய லாரி ஜப்பான் அதிகாரிக்குக் கடலோரக் கோட்டைகளைக் காட்டக் கிளம்பியது. லாரி ஓட்டிய கிரகரி வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டான்.

மூவரும் படகேறிப் பங்கோர் தீவுக்கும் போனார்கள். அதிகாரியின் சோற்றுக்கூடை கிரகரியின் தலையில். டச்சுக்காரன் விட்டுப்போன இடிந்த கோட்டைச் சுவர்முன் அதிகாரி சட்டென்று குனிந்தான். உடனே ஆர்தரும் இடுப்பொடியக் குனிந்தார்.

"கிராணியாரே, அவன் கால் சப்பாத்துல ஏறின மண்ணத் தட்டுறான்," என்றான் கிரகரி.

ஆர்தர் நிமிரவில்லை. "தெரியும்லா. வாய மூடிக்கிட்டு நீயும் குனி."