எந்தப் பக்கம் திரும்பினாலும் தெற்கு

கையில் திசைகாட்டி இருந்தால் வழி தவறாது என்று யாராவது சொன்னால் நான் பேசாமல் எழுந்து போய்விடுவேன். பன்னிரண்டு வயதில் ஒரு கையில் திசைகாட்டி, இன்னொரு கையில் வரைபடம், பக்கத்தில் அத்தை என்று சகல வசதிகளோடும் வழி தவறியவன் நான். அந்தத் திறமை எல்லாருக்கும் வராது.

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் தில்லி லோதி ரோடு குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கையான அத்தை. அத்தைக்கு மத்திய அரசில் வேலை. கெட்டுப்போன டெலிபோன் ரிசீவர்களைத் திறந்து பார்த்துச் சரிசெய்யும் பிரிவு. அங்கே குப்பையில் போட்ட ஒரு ரிசீவரிலிருந்து கறுப்பாக, வட்டமாக ஒரு சாமானைக் கொண்டுவந்து ஜன்னல் கட்டையில் வைத்திருந்தாள். வீட்டிலிருந்த ஊக்கு, குண்டூசி, அப்பாவின் சவர பிளேடு எல்லாம் அதில்தான் ஒட்டிக்கொண்டு கிடக்கும். எங்கள் வீட்டில் ஊக்கு தொலைந்ததாகச் சரித்திரமே இல்லை.

அத்தையின் ஆபீஸில் ஊழியர் நலக் குழு ஒன்று இருந்தது. ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த ஒரு மேஜர் அதற்குத் தலைவர். அதுவரை அந்தக் குழுவின் விளையாட்டு விழா என்றால் எலுமிச்சம்பழமும் ஸ்பூனும்தான். மேஜருக்கு அது கேவலமாகப் பட்டது. அந்த வருஷம் மேப் ரேஸ் என்று அறிவித்துவிட்டார். ஓக்லா பக்கம் யமுனைக் கரையை ஒட்டி, கருவேல மரமும் நாணலும் சேறுமாகக் கிடக்கும் காட்டில் பத்து கிலோமீட்டர். வரைபடத்தையும் திசைகாட்டியையும் வைத்துக்கொண்டு எட்டு இடங்களைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் மரத்தில் ஒரு கொடி, கொடிக்குக் கீழே ஸ்டூல், ஸ்டூலில் ஓர் ஊழியர், அவர் கையில் ரப்பர் ஸ்டாம்ப். நம் அட்டையில் எட்டுக் கட்டங்கள். எட்டிலும் முத்திரை வாங்கிக்கொண்டு முதலில் வருகிறவர் ஜெயித்தவர். ஓர் ஊழியரோடு வீட்டுப் பிள்ளை ஒருவர் ஜோடியாக ஓட வேண்டும்.

எந்த ஸ்டூலில் யார் உட்கார வேண்டும் என்ற பட்டியல் நோட்டீஸ் போர்டில் ஒட்டப்பட்ட அன்று சாயங்காலமே அத்தை எங்கள் இருவர் பெயரையும் கொடுத்துவிட்டு வந்தாள். என் வீரத்தின் மேல் அத்தைக்கு இவ்வளவு நம்பிக்கையா என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தத் தலைக்கனத்தில்தான் கீழ் பிளாட் பிங்க்குவிடம் வாயைக் கொடுத்தேன். அத்தையின் ஆபீஸிலேயே வேலை பார்க்கும் தன் அப்பாவோடு அவனும் ஓடுகிறான். தோற்றவன் காலனியின் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்று, பார்க்கில் இருக்கும் அத்தனை பேருக்கும் கேட்கும்படி "மைன் கதா ஹூன்" என்று மூன்று தடவை கத்த வேண்டும். நான் ஒரு கழுதை என்று ஹிந்தியில் ஒப்புக்கொள்வது தமிழில் ஒப்புக்கொள்வதைவிட மோசம். ஏனென்றால் அங்கே எல்லாருக்கும் புரியும்.

போட்டிக்கு முந்தைய நாள் அம்மா அடுப்பில் கேசரி கிளறிக்கொண்டிருந்தாள். நான் பாத்திரத்தைக் காவல் காத்துக்கொண்டிருந்தேன். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து முந்திரியை உடைத்தபடி அம்மாவிடம் சொன்னாள்: "மைனி, செவ்வாக்கெழம அவுக ஷில்லாங் போறாவளாம். டிரான்ஸ்பர் ஆர்டர் வந்துட்டு."

"வாயத் தொறந்து ஏதாவது சொன்னாவளா?"

"எங்க சொல்ல! ரெண்டு வருஷமா ஒரே பஸ்ல வாரோம். 'இன்னைக்குக் கூட்டங்க'ம்பாவ. அவ்வளவுதான். இங்க அண்ணன் என்னன்னா தையில ஊர்ல இருந்து பொண்ணு பாக்க வரச் சொல்லி லெட்டர் போட்டாச்சு."

"அவரு தொறக்கலன்னா நீ தொறயேன். உனக்கு வாய்க்கா பஞ்சம்?"

"ஆபீஸ்ல சுத்தி முப்பது பேரு மைனி."

"அப்ப ஆளில்லாத எடமாப் பாரு," என்றாள் அம்மா, கேசரியைப் புரட்டிக்கொண்டே.

அத்தை முந்திரி உடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் முந்திரியைப் பார்த்தேன். ஷில்லாங் அசாம் பக்கம் எங்கோ இருக்கிறது என்ற பூகோள அறிவைத் தவிர அந்தப் பேச்சிலிருந்து எனக்கு எதுவும் ஒட்டவில்லை.

மறுநாள் ஞாயிறு. மூடுபனி. அம்மா எனக்கு ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டு, குரங்குக் குல்லாயும் மாட்டியிருந்தாள். வரைபடம் சைக்ளோஸ்டைலில் அடித்தது. ஊதா மையில் ஆறும் பாதையும் ஒரே மாதிரி நெளிந்தன. திசைகாட்டியைக் கயிற்றில் கோத்து என் கழுத்தில் தொங்கவிட்டார்கள். "முள் வடக்கைக் காட்டும். அதை நம்பு. கண்ணை நம்பாதே," என்று மேஜர் ஹிந்தியில் முழங்கினார். நான் நம்பினேன். அதுதான் பிசகு.

முதல் மூன்று இடங்கள் கரையின் மேலேயே இருந்தன. ஓடினோம், முத்திரை வாங்கினோம். பிங்க்குவின் அப்பா தொப்பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் மூச்சிரைத்து வந்தார். நாலாவது இடத்துக்குக் கரையை விட்டுக் காட்டுக்குள் இறங்க வேண்டும். திசைகாட்டியைப் பார்த்து நானே வழி சொன்னேன். பத்தே நிமிஷத்தில் ஒரு வேப்பமரம், கொடி, ஸ்டூல். ஸ்டூலில் ஒல்லியாக, கண்ணாடி போட்ட ஒருவர் மப்ளர் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அத்தையைப் பார்த்ததும் எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார்.

"வாங்க," என்றார். கோயம்புத்தூர்க்காரர் என்று அந்த ஒரு சொல்லிலேயே தெரிந்தது.

"பனி ஜாஸ்தியா இருக்கு," என்றாள் அத்தை.

"ஆமாங்க," என்றார். நாலாம் கட்டத்தில் முத்திரை குத்தினார். பிறகு அட்டையைப் பார்த்தார். பிறகு ஸ்டாம்ப்பைப் பார்த்தார். அத்தை கொஞ்ச நேரம் நின்றாள்.

"அத்தை, ஜல்தி! பிங்க்கு வந்துருவான்!"

பத்தடி நடந்ததும் அத்தை நின்றாள். ஜோல்னாப் பையிலிருந்து தன் டிரான்சிஸ்டரை எடுத்தாள். தோலுறை போட்ட, நல்ல கனமான டிரான்சிஸ்டர். அதை யாரையும் தொடவிட மாட்டாள். "இந்தாடே, டெஸ்ட் மேட்ச் ஆரம்பிச்சிருப்பான். கழுத்துல மாட்டிக்கோ. கேட்டுக்கிட்டே போவோம்," என்று அவளே என் நெஞ்சில் தொங்கவிட்டாள். திசைகாட்டிக்கும் அதற்கும் நாலு விரற்கடைதான் இடைவெளி. உலகத்தில் இப்படி ஓர் அத்தை உண்டா என்று நெகிழ்ந்துபோனேன்.

ஐந்தாவது இடம் நேர் தெற்கே. முள்ளைப் பார்த்தேன். வடக்கு என் நெஞ்சுப் பக்கம், தெற்கு எனக்கு முன்னால். கிளம்பினோம். கொஞ்ச தூரத்தில் சேறு. அத்தை என் தோளைப் பிடித்து இடது பக்கம் திருப்பினாள். திசை மாறிவிட்டதே என்று முள்ளைப் பார்த்தேன். முன்னால் தெற்கு. அப்பாடா. அப்புறம் நாணல். மறுபடி இடது பக்கம் திருப்பினாள். முன்னால் தெற்கு. ஒரு குட்டை. அதைச் சுற்றினோம். முன்னால் தெற்கு. எந்தப் பக்கம் திரும்பினாலும் தெற்கே அமைகிறதென்றால் அது அதிர்ஷ்டம்தானே! அத்தை மட்டும் அடிக்கடி கழுத்தை நீட்டி, கரை மேலிருந்த யூகலிப்டஸ் வரிசை பனியில் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

அரை மணி கழித்து ஒரு கொடி தெரிந்தது. "அஞ்சு!" என்று கூவிக்கொண்டு ஓடினேன். வேப்பமரம். ஸ்டூல். மப்ளர்.

"வாங்க," என்றார் அவர்.

நான் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தேன். அத்தை கொஞ்சம்கூட அசரவில்லை. "வழி தவறிட்டு," என்று சொல்லி அட்டையை நீட்டினாள். அவர் அதே கட்டத்தில் இன்னொரு முத்திரை குத்தினார். குத்திவிட்டு, நெடுநேரம் யோசித்து, பையிலிருந்து ஓர் ஆரஞ்சை எடுத்துக் கொடுத்தார். எனக்கு.

"செவ்வாக்கெழமயா கெளம்புறீங்க?" என்றாள் அத்தை.

"ஆமாங்க."

"அங்க ரொம்பக் குளிராம்."

"அப்படீங்களா."

இவரோடு பேசி நேரத்தை வீணாக்குகிறாளே என்று அத்தையின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். கிளம்பினோம். இந்தத் தடவை முள்ளிலிருந்து கண்ணை எடுப்பதே இல்லை என்று சபதம். எடுக்கவில்லை. அதனால் கால் எங்கே போகிறது என்று பார்க்கவில்லை. முழங்கால் வரை சேற்றுக்குள் போனேன். ஒரு ஷூ உள்ளேயே தங்கிவிட்டது. நெஞ்சில் வர்ணனையாளர் பவுண்டரி, பவுண்டரி என்று ஆனந்தக் கூத்தாடினார். அந்த நேரத்தில் நாணலுக்குள் கறுப்பாக, பெரிதாக, மூச்சு விடுகிற ஏதோ ஒன்று அசைந்தது.

வீரர்கள் இந்த இடத்தில் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் "புலி!" என்று அலறி, அத்தைக்குப் பின்னால் ஒளிந்து, அவள் புடவையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டேன். ஒழுங்காக ஸ்கூல் போகிறேன், பிங்க்குவுக்கு என் பேட்டைக் கொடுத்துவிடுகிறேன், இனிமேல் கேசரியில் முந்திரி திருடவே மாட்டேன் என்று முருகனிடம் மூன்று வாக்குறுதிகள் கொடுத்தேன். புலி ம்ம்ம்மா என்றது. பின்னாலிருந்து புல்லுக்கட்டோடு வந்த ஒரு பெண்மணி சிரித்தாள். "அரே பேட்டா, பைன்ஸ் ஹை! காயேகி நஹீன்!" எருமை, தின்னாது என்று உத்தரவாதம். முந்திரி பற்றிய வாக்குறுதியை அந்த நிமிஷமே திரும்ப எடுத்துக்கொண்டேன்.

"அத்தை, நாம தொலைஞ்சு போயிட்டோம்," என்றேன். அழுகை வந்துவிட்டது. "ராத்திரி இங்கயே இருக்கணும். அப்பா போலீஸ்ல சொல்லுவாரு. தெற்கு நம்ம பின்னாலயே வருது அத்தை!"

"பயப்படாதடே. நா இருக்கேம்லா," என்றாள். அவள் முகம் சேறும் வியர்வையுமாக இருந்தது. ஆனால் தொலைந்துபோனவள் முகமாக இல்லை. பரீட்சை அறைக்குள் நுழையப் போகிறவள் முகமாக இருந்தது. நாணலை விலக்கினாள்.

வேப்பமரம். ஸ்டூல்.

இந்தத் தடவை அவர் "வாங்க" என்று சொல்லவில்லை. எழுந்து நின்றார், வாயைத் திறந்தபடி. நான் ஓவென்று அழுதேன். அத்தை எனக்கு இருபதடி தள்ளிக் கிடந்த ஒரு மரக்கட்டையைக் காட்டி, "ஏல, அங்கன உக்காந்து ஸ்கோர் என்னன்னு கேட்டு வையி. நான் வழி கேட்டுட்டு வாரேன்," என்றாள்.

ஒற்றை ஷூவோடு உட்கார்ந்து ஆரஞ்சைத் தின்றேன். வழி கேட்க இவ்வளவு நேரமா? அத்தை பேசிக்கொண்டே இருந்தாள். அவர் கேட்டுக்கொண்டே தன் உள்ளங்கையில் ஸ்டாம்ப்பைக் குத்தினார். ஒன்று, இரண்டு, பத்து. உள்ளங்கை முழுக்க ஊதா. பிறகு அத்தை நிறுத்திவிட்டாள். அவர் குரல் கேட்டது, எனக்கே கேட்கும் அளவுக்கு உரக்க:

"உங்க அண்ணனைப் பார்க்க நாளைக்கே வரலாங்களா?"

அப்பாவிடம் எதற்கு, வழி எனக்கல்லவா தெரிய வேண்டும் என்று எரிச்சலாக இருந்தது.

அத்தை திரும்பி வந்தாள். முதல் காரியமாக என் கழுத்திலிருந்து டிரான்சிஸ்டரைக் கழற்றினாள். "பேட்டரி தீந்துரும்," என்று பைக்குள் போட்டு, பையைத் தன் முதுகில் மாட்டிக்கொண்டு எனக்கு நாலடி பின்னால் நடந்தாள். பன்னிரண்டே நிமிஷத்தில் ஐந்தாவது இடம். ஆறு, ஏழு, எட்டு எல்லாம் வரிசையாக. ஆபத்து நேரத்தில் என் மூளை கூர்மையாகிவிடுகிறது என்று அத்தையிடம் விளக்கினேன். "ஆமாடே," என்றாள்.

போய்ச் சேர்ந்தபோது ஷாமியானாவைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். பிங்க்கு ஜிலேபி தின்றுகொண்டிருந்தான். மேஜர் எங்கள் அட்டையை வாங்கி, நாலாம் கட்டத்தைக் கண்ணருகே கொண்டுபோய், இதென்ன மூன்று முத்திரை என்றார். "மை சரியாக விழவில்லை சார். எதற்கும் இருக்கட்டும் என்று," என்றாள் அத்தை ஹிந்தியில். அரசாங்க ஆபீஸில் அதற்கு மறுபேச்சு கிடையாது. மேஜர் தலையாட்டினார்.

சாயங்காலம் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினேன். பார்க்கில் பாதிக் காலனி. பின்னால் யாரோ ஏணியில் ஏறி வரும் சத்தம். அத்தை. "ரெண்டு பேருந்தான தோத்தோம்," என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பக்கத்தில் நின்று, "மைன் கதா ஹூன்!" என்று என்னைவிட உரக்கக் கத்தினாள். மூன்று தடவைதான் பந்தயம். அத்தை ஐந்து தடவை கத்தினாள். கழுதை என்று சொல்லிக்கொள்வதில் ஒருத்திக்கு அவ்வளவு சந்தோஷம் இருக்க முடியும் என்று அன்றுதான் பார்த்தேன்.

சித்திரையில் கல்யாணம். நாலாம் நம்பர்தான் மாப்பிள்ளை. காட்டில் என்னை மூன்று தடவை காப்பாற்றியவருக்கு நன்றியாக அப்பா தங்கையைக் கொடுத்துவிட்டார் என்று நினைத்து, மண்டபத்தில் அப்பாவை மிகவும் மரியாதையாகப் பார்த்தேன்.

ஒன்பதாம் வகுப்பில் பௌதிக சார் ஒரு பழைய ஸ்பீக்கரைப் பிரித்து, உள்ளேயிருந்த காந்தத்தைக் காட்டி, பக்கத்தில் ஒரு திசைகாட்டியைக் கொண்டுபோனார். முள் தலைதெறிக்கத் திரும்பியது. எனக்குப் பொறி தட்டியது. வீட்டுக்கு ஓடினேன். லீவில் வந்திருந்த அத்தையும் மாமாவும் முன்னறையில் இருந்தார்கள்.

"அத்தை! டிரான்சிஸ்டருக்குள்ள காந்தம் இருக்கு! அதான் அன்னிக்கு முள் நம்மளச் சுத்த விட்டிருக்கு! உங்களுக்கு மட்டும் முன்னாடியே தெரிஞ்சிருந்தா என் கழுத்துல மாட்டியிருக்கவே மாட்டீங்க!"

மாமாவின் முகத்தை மறைத்திருந்த செய்தித்தாள் குலுங்கியது. ஷில்லாங் குளிர் இன்னும் விடவில்லை போலும் என்று நினைத்தேன்.

"அப்படியாடே? எனக்கு எப்படித் தெரியும்?" என்ற அத்தை எழுந்து, ஜன்னல் கட்டையிலிருந்த கறுப்பு வட்டத்தில் ஒட்டிக்கொண்டிருந்த ஊக்குகளில் ஒன்றைப் பிடுங்கி, முந்தானையைச் சரிசெய்து குத்திக்கொண்டாள். நான் அதையும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.