வாயை மூடிப் பிடித்த படம்

எருத்தேன்பதியில் என் மளிகைக் கடைக்கு வந்து வெறும் சாமான் மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பியவர்கள் கிடையாது. அரைப்படி பருப்பு அளப்பதற்குள் மூன்று கதை சொல்லிவிடுவேன். இப்பேர்ப்பட்ட என் கையில் காமிரா வந்து சேர்ந்ததற்குக் காரணம் என் பேத்தி.

மகள் மாசமாக இருக்கும்போதே மருமகன் சிங்கப்பூருக்குக் கப்பலேறிவிட்டார். பிள்ளையின் முகத்தைப் பார்த்ததில்லை. தவழும்போது ஒரு படமாவது வேண்டும் என்று கேட்டிருந்தார். பேத்தியோ சுவரைப் பிடித்து எழுந்து நிற்கத் தொடங்கியிருந்தாள். எழுந்தால் மகள் மெதுவாகப் பிடித்து உட்கார வைப்பாள். "இன்னுங் கொஞ்ச நாளைக்கு நடக்காத கண்ணு" என்பாள்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்திருந்த டீச்சரின் அப்பா கோயமுத்தூரில் ஸ்டுடியோ வைத்திருந்தார். டீச்சரிடம் ஒரு பெட்டிக் காமிரா உண்டு. கேட்டதும் வந்தார். அவரையும் அந்தக் கறுப்புப் பெட்டியையும் பார்த்துப் பேத்தி அலறினாள். அச்சாகி வந்தபோது படம் முழுக்க வாய்தான் இருந்தது. என் பேத்தி என்பதற்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

நான் சிரித்தேன். மகள் சிரிக்கவில்லை. "இத அனுப்புனா, நாம கொழந்தைய அடிக்கறோம்னு நெனைப்பாரு அத்தா."

டீச்சர் என்னைப் பார்த்தார். "பாய், உங்களக் கண்டாத்தான் பாப்பா அழுவறதில்ல. நாஞ் சொல்லித் தாரேன், நீங்க எடுங்க."

உடனே சம்மதித்தேன். தராசு பிடிக்கிற கைக்குப் பெட்டி பிடிப்பது பெரிய காரியமா?

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கொல்லையில் பாடம். என்னைவிடப் பாதி வயது டீச்சருக்கு. ஆனால் நான்தான் பெஞ்சியில் ஏற்றி நிறுத்தப்பட்டவன்போல நிற்பேன். வெயில் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். பெட்டியை வயிற்றோடு சேர்த்துப் பிடித்து, மேலே இருக்கும் சின்னக் கண்ணாடியில் குனிந்து பார்க்க வேண்டும்.

"வயித்தோட நல்லா ஒட்டிப் புடிங்க."

"அதுக்குன்னுதானுங்க டீச்சர் இத்தன வருசமா வளத்து வெச்சிருக்கறேன்."

டீச்சர் சிரித்துவிட்டார். "பெருமையப் பாருங்க" என்றாள் துணி துவைத்துக்கொண்டிருந்த என் சம்சாரம்.

அந்தக் கண்ணாடியில் இடம் வலமாகத் தெரியும். பேத்தி ஒரு பக்கம் போனால் நான் மறுபக்கம் திரும்புவேன். ஒரு படத்தில் கிணற்று ராட்டினம் மட்டும் வெகு அழகாக விழுந்திருந்தது. ஒவ்வொரு படத்துக்கும் பிறகு சாவியைத் திருகி ஃபிலிமை நகர்த்த வேண்டும். ஏதோ கதை சொல்லிக்கொண்டே அதை மறந்ததில், ஒரு படத்தின் மேலேயே இன்னொன்று ஏறிவிட்டது.

"ஏனுங்க, எந் தலைல எப்பங்க பருத்திக்கொட்ட மூட்டைய வெச்சேன்?" என்று கேட்டாள் சம்சாரம்.

இவையாவது படம் என்று தெரிந்தன. பேத்தியை எடுத்ததெல்லாம் வெறும் கலங்கல். டீச்சர் அவற்றைக் கடை மேசையில் பரப்பினார். "உங்கூர்ல நெலம் கிலம் நடுங்குச்சான்னு எங்கப்பா கேக்கறாருங்க."

"நான் அசையவே இல்லீங்களே."

"அமுக்கற நேரத்துலயும் பேசிட்டே இருக்கறீங்க பாய். பேசுனா வயிறு ஆடுது, வயிறு ஆடுனா பொட்டி ஆடுது. சத்தத்தக் கேட்டு பாப்பாவும் உங்ககிட்ட தவந்து வருது. அமுக்கறப்ப மட்டும் வாய மூடுங்க."

"கொழந்த சிரிக்க வேண்டாமுங்களா?"

"சிரிக்காட்டிப் போகுது. ஆடாம இருந்தாப் போதும்."

கடையில் பழகிப் பார்த்தேன். மூச்சை அடக்கி, வாயை மூடி, புளி நிறுத்தேன். வாங்க வந்தவர் பயந்துபோனார். "பாய்க்கு ஒடம்பு செரியில்லைங்களா?" என்று உள்ளே எட்டிக் கேட்டார். சம்சாரம் சுக்குக் கஷாயத்தோடு வந்து நின்றாள். அதையும் பேசாமலே குடித்தேன்.

அடுத்த ஞாயிறு பேத்தி சுவரிலிருந்து ஒரு கையை எடுத்துவிட்டாள். மகளுக்கு முகம் வாடிவிட்டது. "இன்னிக்காவது படம் உளுந்துருமா அத்தா?"

"உளுகாம எங்க போகுது?" என்றேன். சும்மா சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னேன்.

மகள் குழந்தையைப் பாயில் விட்டு ஒதுங்கினாள். நான் வழக்கம்போல வாய் ஓயாமல் கூப்பிட்டேன். அவளும் மளமளவென்று தவழ்ந்து வந்தாள்.

"இப்ப" என்றார் டீச்சர்.

வாயை மூடினேன்.

பிறந்த நாளிலிருந்து என் பக்கமிருந்து இப்படியொரு அமைதியை அவள் கேட்டதில்லை. ஒரு கை முன்னால் ஊன்றியபடி அப்படியே நின்றுவிட்டாள். இந்த ஆளுக்கு என்ன ஆச்சு என்று தலையைத் தூக்கி, கண்ணை அகல விரித்து என்னைப் பார்த்தாள். அமுக்கினேன்.

"உளுந்தாச்சு" என்றேன்.

"கழுவிப் பாக்காம சொல்லாதீங்க பாய்."

"கழுவியே பாருங்க டீச்சர்."

கோயமுத்தூரிலிருந்து அச்சு வந்தது. கொலுசு மணிகூடத் தெளிவாகத் தெரிந்தது. மகள் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். ஆச்சரியப்பட்ட அந்தக் கண்கள் என்னைப் பார்த்தவைதான். ஆனால் படத்தை யார் கையில் எடுத்தாலும் அவரைத்தான் பார்க்கும். சிங்கப்பூரிலும் அப்படித்தான் பார்க்கும்.

பேத்தி சுவரைப் பிடித்து எழுந்தாள். மகள் இந்த முறை உட்கார வைக்கவில்லை. படத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, எட்டப் போய்க் கையை நீட்டினாள்.

"இனி நட கண்ணு."