எதிர்க்கரையில் அணு உலை

என் தம்பியை அவசரப்படுத்தி விமானம் ஏற்றியது நான்தான். இதை மறைத்து எழுத எனக்கு இஷ்டமில்லை. உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில் இது தெரியாதவர்களும் கிடையாது.

அவன் வளைகுடாவில் ஒரு கடற்கரை ஊரில் குழாய் பொருத்துகிறவன். கடல் தண்ணீரில் உப்பை நீக்கிக் குடிதண்ணீராக்கும் ஆலை அது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாதம் லீவு. இந்தத் தடவை லீவு முடிகிற நாள் எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு நடுவில் வந்து விழுந்தது. எங்கள் ஊரில் காப்புக் கட்டிவிட்டால், அப்போது ஊருக்குள் இருக்கிறவன் எவனும் திருவிழா முடியும்வரை வெளியூரில் ராத்தங்கக் கூடாது. அம்மா லீவை நீட்டச் சொன்னாள். தம்பி மனைவியும் அதையே சொன்னாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

“வேலையத் தொலைச்சுட்டு இங்கன கிடந்து ஈ ஓட்டப் போறானா? காப்புக்கு முந்துன நாளே கெளம்பட்டும்” என்று கத்தினேன். நான் மதுரை பழங்காநத்தத்தில் குழாய்ச் சாமான் கடை வைத்திருக்கிறேன். அந்த வேலையை அவனுக்குப் பிடித்துக் கொடுத்ததும் நான். அதனால் வீட்டில் என் சத்தம் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். அவன் என்னை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவன். “சரிண்ணே, போறேன்” என்றான்.

திங்கட்கிழமை ஏறினான். செவ்வாய்க்கிழமை ஊரில் காப்புக் கட்டினார்கள். வெள்ளிக்கிழமை அங்கே சண்டை மூண்டு விமானமெல்லாம் நின்றுபோனது. சனிக்கிழமைக்குப் போட்டிருந்த பழைய டிக்கெட்டையே விட்டு வைத்திருந்தால் அவன் வீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எங்களோடு டிவி பார்த்துக்கொண்டிருப்பான்.

டிவியில் பார்த்த பிறகுதான் எதிர்க்கரையில் ஓர் அணு உலை இருப்பதே எங்களுக்குத் தெரிந்தது. அதன் மதிலோரம் ஒரு ஏவுகணை விழுந்ததாக ஒரு சேனலில் சொன்னார்கள். இன்னொன்றில் இரண்டு என்றார்கள். உலை உடைந்தால் அந்தக் கடலே விஷமாகிவிடும், அந்தக் கரை முழுக்கக் குடிக்கச் சொட்டுத் தண்ணீர் இருக்காது என்று கோட்டுப் போட்ட ஒருவர் சிரித்த முகத்தோடு விளக்கினார். அந்தக் கடல் தண்ணீர் ஆலைக்குள் நுழைகிற வாயில்தான் தம்பிக்கு வேலை. குழாய் வேலை போக, அங்கே கட்டியிருக்கிற வலையில் அடைக்கிற பாசியையும் சிப்பியையும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வழித்துப் போட வேண்டும்.

போனில் கேட்டேன். “ஏண்டா, தண்ணிக்குள்ள எறங்குறியா?”

“எறங்காம எப்படிண்ணே? காலைலயும் சாயங்காலமும் கருவி வச்சுப் பாக்குறாய்ங்க. ஒண்ணுமில்லைங்குறாய்ங்க.”

“குடிக்கிறது?”

“அதே தண்ணிதான். கடைல பாட்டில் தண்ணியெல்லாம் மொத நாளே காலி.” பிறகு குரலைத் தாழ்த்தினான். “ஆளுக்கு ரெண்டு மாத்திரை குடுத்திருக்காய்ங்கண்ணே. உலை ஒடஞ்சிருச்சுன்னு அவுக சொன்னாத்தான் முழுங்கணுமாம். சட்டைப் பையிலயே வச்சிருக்கேன். அம்மாட்டச் சொல்லிராத.”

நான் அம்மாவிடம் சொல்லவில்லை. கடைக்குப் பின்னால் போய் நின்று அழுதேன்.

அந்த வாரம் மதுரையிலும் பயம் வந்துவிட்டது. கடல் காற்று மேகத்தோடு விஷத்தைக் கொண்டுவந்து நம் தலையில் கொட்டப்போகிறது என்று வாட்சப்பில் ஒரு குரல் சுற்றியது. மொட்டைமாடித் தொட்டிகளுக்கு மூடி கேட்டு ஆட்கள் கடையில் குவிந்தார்கள். வருஷக் கணக்கில் காக்கை குளித்த தொட்டிகளுக்கெல்லாம் திடீரென்று மூடி வேண்டியிருந்தது. “யோவ், விஷக்காத்து மூடியப் பாத்துட்டுத் திரும்பிப் போயிருமாய்யா?” என்று ஒருவரிடம் எரிந்து விழுந்தேன். “நீ விக்கிறியா, இல்லையா?” என்றார். விற்றேன். அன்று சாயங்காலம் யாருக்கும் தெரியாமல் மாடியேறி என் வீட்டுத் தொட்டி மூடிமேல் இரண்டு செங்கல்லைத் தூக்கி வைத்தேன்.

ஊருக்குப் போனால் தம்பி மனைவி எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைப்பாள்; பேச மாட்டாள். ஒரு நாள் மட்டும் பேசினாள். “மாமா, காப்புக் கட்டுனதுக்கப்புறம் போயிருந்தாருன்னா, சாமி குத்தம்னு சொல்லியாவது மனசத் தேத்திக்கிருவேன். இப்ப நான் யாரச் சொல்ல?”

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தித் தப்பித்திருப்பேன்.

உசிலம்பட்டியிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது பின்சீட்டில் இரண்டு பேர் அந்த உலையைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தார்கள். “அங்கிட்டிருந்து வாரவய்ங்களத் தொட்டா நமக்கும் ஒட்டிக்கிருமாம்ல மாப்ள. அம்மை மாதிரியாம்.” எனக்கு ரத்தம் தலைக்கேறியது. எழுந்து போய் அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். “அங்க இருக்கிறவன் என் தம்பிடா. அவன் என்ன நோயாளியா?” கண்டக்டர் வந்து விலக்கிவிட்டார். செக்கானூரணி வரும்வரை படிக்கட்டுப் பக்கமே நின்றுகொண்டு வந்தேன்.

பதினெட்டாம் நாள் சண்டை ஓய்ந்தது. உலை உடையவில்லை, ஒன்றும் கசியவில்லை என்றார்கள். ஆலையில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதில் தம்பியும் இருந்தான். மதுரை விமான நிலையத்துக்கு வாடகைக் கார் பிடித்துப் போனோம். நான், தம்பி மனைவி, ஆறு வயதான என் மகள். சித்தப்பா என்றால் அவளுக்கு உயிர்.

அவன் வெளியே வந்தான். கறுத்து, கன்னம் ஒட்டிப்போயிருந்தான். புறங்கை இரண்டிலும் தோல் உரிந்து திட்டுத் திட்டாகச் சிவந்திருந்தது. தம்பி மனைவி அத்தனை பேருக்கு நடுவில் ஓடிப்போய் அவன் நெஞ்சில் முகத்தை வைத்துக்கொண்டு விம்மினாள். யார் பார்க்கிறார்கள் என்று அவள் பார்க்கவில்லை.

“சித்தப்பா!” என்று என் மகள் துள்ளினாள். அவன் குனிந்து இரண்டு கையையும் நீட்டினான். நான் அவள் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன்.

யோசித்துச் செய்யவில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? என் கண் அவன் கையில் இருந்தது, என் கை அவள் தோளில் இருந்தது, அவ்வளவுதான் தெரியும். குழந்தை வலியில் “ஆ” என்றாள். தம்பி நீட்டிய கையோடு அப்படியே நின்றான்.

பிறகு நிமிர்ந்து, பையிலிருந்து ஒரு மடித்த தாளை எடுத்து என்னிடம் கொடுத்தான். “உடம்பு பூராம் கருவி வச்சுப் பாத்து ஒண்ணுமில்லன்னு எழுதிக் குடுத்திருக்காய்ங்கண்ணே. கை சிப்பி அறுத்த புண்ணு. ஊருல யாராச்சும் பயப்படுவாகன்னுதான் கேட்டு வாங்கிட்டு வந்தேன்.”

“டேய், நான் அதுக்கில்லடா...” என்றேன். தம்பி மனைவி என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தைரியமில்லை.

காரில் நான் முன்னால் உட்கார்ந்துகொண்டேன். மகளை அவன் பக்கத்தில் நானே தூக்கி உட்கார வைத்தேன். “சித்தப்பாவப் பிடிச்சுக்கடா” என்றும் சொன்னேன். அவள் அவன் கையை இழுத்தாள். அவன் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

“வேணாம்டா கண்ணு” என்றான். “அப்பா பயப்படுறாரு.”