நாங்கள் குடியிருந்த வண்டி

வால்பாறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் என் வீட்டுக்காரர் முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்தார். சின்னக் குமாஸ்தாவாகப் போனவர் ஆபீசுக்கே பெரியவராக ஓய்வு பெற்றார். அதில் இருபத்தேழு வருஷம் நானும் அந்த மலைமேல் இருந்தேன். உடுமலைப் பக்கத்து வெயிலில் வளர்ந்த பெண் நான். அங்கே வருஷத்தில் பாதி நாள் மழை. துவைத்த சேலையை அடுப்புக்கு மேலே கொடி கட்டித்தான் காயப் போடவேண்டும். கல்யாணத்துக்குக் கட்டின பட்டிலும் புகை வாசம்தான். மார்கழி பிறந்தால் என் விரல் மூட்டெல்லாம் வீங்கிவிடும். தண்ணீர்க் குடத்தைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டியிருக்கும்.

எங்களுக்கு ஒரே மகன். மலையில் பள்ளிக்கூடம் சரியில்லை என்று பத்து வயதிலேயே கோயமுத்தூரில் விடுதியில் சேர்த்துவிட்டோம். அவனுடைய இங்கிலீஷ் தேறட்டும் என்று இவர் அவனுக்கு இங்கிலீஷில்தான் கடிதம் எழுதுவார். அவனும் அப்படியே பதில் எழுதுவான். எனக்குத் தமிழ் படிக்கத் தெரியும், இங்கிலீஷ் தெரியாது. கடிதம் வந்தால் இவர் படித்து எனக்குத் தமிழில் சொல்வார். "நல்லா இருக்கறானாமா. உன்னையக் கேட்டானாமா." மகன் படித்து முடித்து, மோட்டார் பட்டறை வைத்து, கல்யாணமும் ஆன பிறகுகூட அந்த வழக்கம் மாறவில்லை. நானும் அதை மாற்றச் சொன்னதில்லை.

ஓய்வு பெறப் போகிற வருஷம், எங்கே போய்க் குடியிருப்பது என்ற பேச்சு வந்தது. குவார்ட்டர்ஸைக் காலி செய்தாகவேண்டும். மகன் வீட்டுக்குத்தான் போவோம் என்று நான் நினைத்திருந்தேன். ஒரு நாள் சாயங்காலம் இவர் ஆபீசிலிருந்து வந்து, தோட்டத்தில் கழித்துப்போட்ட லாரி ஒன்றைத் தாம் எடுத்துக்கொள்ளப் போவதாகச் சொன்னார். அதில் மரத்தால் ஒரு அறை கட்டி, கட்டில் போட்டு, அடுப்பு வைத்து, ஊர் ஊராகப் போகலாம் என்றார். லாரி ஓட்ட இவருக்குத் தோட்டத்திலேயே பழக்கம். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. நாற்பத்திரண்டு வயதுக்கு நான் பார்த்திருந்த ஊர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

"எது வரைக்குமுங்க இப்பிடி?" என்று கேட்டேன்.

"கையுங்காலும் ஆடற வரைக்கும்தான் அம்மணி. இனி நமக்கு எல்லா ஊரும் ஊடுதான்" என்றார்.

கோயமுத்தூரில் மகனுடைய பட்டறையில் வண்டி தயாராயிற்று. ஆசாரி என்னைக் கேட்டுக் கேட்டுச் செய்தார். இடது பக்கத்து ஜன்னல்களில் ஒன்றை மட்டும் மற்றவற்றைவிட ஒரு முழம் தாழ்த்தி வைக்கச் சொன்னேன். படுத்துக்கொண்டே வெளியே பார்க்கவேண்டும் என்று எனக்கு ஆசை. பார்க்க நன்றாக இருக்காது என்று மகன் சொன்னான். நான் பிடிவாதம் பிடித்தேன். அப்படியே வைத்தார்கள்.

அந்தக் கார்த்திகையில் புறப்பட்டோம். காலையில் இவர் முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்றுவார், வண்டி உதறிக்கொண்டு கிளம்பும். பொள்ளாச்சி, உடுமலை, காங்கேயம் என்று குளிருக்குக் கீழ்நாட்டிலேயே சுற்றினோம். கிணறும் நிழலும் இருக்கிற இடமாகப் பார்த்து, தோட்டக்காரரைக் கேட்டுக்கொண்டு நிறுத்துவோம். பம்ப் ஸ்டவ்வில் சமையல். மாடு பூட்டி ஏற்றத்தில் இறைத்த தண்ணீரில் குளியல். சேலை அரை மணி நேரத்தில் காய்ந்துவிடும். முதல் நாள் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

காங்கேயத்துக்கு அப்பால் ஒரு ஊரில் எங்கள் வண்டியைப் பார்த்ததும் பெண்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். என்னவென்றே எங்களுக்குப் புரியவில்லை. தைரியமான ஒருத்தி மட்டும் பக்கத்தில் வந்து, "ஏனுங்க அம்மணி, அம்மை குத்தற வண்டிங்களா?" என்று கேட்டாள். இல்லை, நாங்கள் இதில் குடியிருக்கிறோம் என்று சொன்னேன். அவள் ஏறி உள்ளே பார்த்தாள், கட்டிலைத் தடவினாள், பிறகு ஊரையே கூட்டிக்கொண்டு வந்தாள். அன்றைக்கு எங்களுக்கு மூன்று வீட்டிலிருந்து தயிர் வந்தது. மலையிலிருந்த காலத்தில் என்னோடு பேசவே நேரமில்லாத மனிதர், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கல்யாணம் ஆனதே அப்போதுதான் என்பது போல எனக்கு இருந்தது.

சித்திரை வெயிலுக்கு மேட்டுப்பாளையம் போய், ஒரு பாக்குத் தோப்பில் நிறுத்திக்கொண்டோம். மழை தாண்டியதும் மறுபடி கீழே. இரண்டாவது வருஷம் பவானி வரைக்கும் போனோம். கூடுதுறையில் முழுக வேண்டும் என்று நெடுநாள் ஆசை. போன இடத்தில் எனக்குக் காய்ச்சல் கண்டது. வண்டியிலேயே படுத்துக்கிடந்தேன். குளிர்ந்த தண்ணீரில் இறங்கவேண்டாம், அடுத்த வருஷம் வரும்போது முழுகிக்கொள்ளலாம் என்று இவர் சொன்னார். சரி என்று விட்டுவிட்டேன். அவசரம் என்ன இருக்கிறது? வழியில் எத்தனையோ இடங்களை அப்படித்தான் விட்டேன். தூக்கம் வந்தால் தூங்கிவிடுவேன். திரும்பி இதே வழியில்தானே வரப்போகிறோம் என்று நினைப்பு.

நாங்கள் எந்த ஊருக்குப் போனாலும் மகனுடைய கடிதங்கள் தபாலாபீசுக்கு வந்து காத்திருக்கும். இவர் போய் வாங்கிக்கொண்டு வருவார், மரத்தடியில் உட்கார்ந்து படிப்பார், எனக்கு இரண்டு வரி சொல்வார், தேதிவாரியாக நூலில் கோத்து டிரங்குப் பெட்டியில் வைப்பார். குமாஸ்தா புத்தி. எந்தக் காகிதத்தையும் கிழித்துப்போட மாட்டார்.

இரண்டாவது ஐப்பசியில் தாராபுரத்துப் பக்கம் வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. வண்டியின் கூரை ஒழுகிற்று. இரண்டு மாதத்துக்கு ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துவிடலாம், அதற்குள் கூரையைப் பழுதுபார்த்துக்கொள்ளலாம் என்றார். ஊர்க் கடைசியில், ரோட்டைப் பார்த்த ஓட்டு வீடு. முன்னால் வேம்பு, பின்னால் கிணறு. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஏதாவது ஒரு அறையில் வெயில் இருந்துகொண்டே இருக்கும். அடுத்த வீட்டில் பெண்கள் பள்ளிக்கூடத்து டீச்சரம்மா ஒருவர் தனியாக இருந்தார். இரண்டு மாதத்துக்கு நல்ல துணை என்று நினைத்துக்கொண்டேன்.

இவர் வண்டியைக் கோயமுத்தூருக்கு ஓட்டிக்கொண்டு போய்ப் பட்டறையில் விட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பி வந்தார். கார்த்திகை போயிற்று. மரம் கிடைக்கவில்லையாம். மார்கழி போயிற்று. ஆசாரிக்கு உடம்பு சரியில்லையாம். நான் வண்டி ஜன்னல்களுக்குப் புதிதாகத் திரைகள் தைத்து வைத்திருந்தேன், நீலத்தில் சின்னப் பூப் போட்டது. "தை பொறந்தா கெளம்பலாமுங்களா?" என்று கேட்டால், "பாக்கலாம் அம்மணி" என்பார்.

மாசி மாதம் ஒரு நாள், டீச்சரம்மாவோடு சந்தைக்குப் போய்விட்டுத் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். அவருக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை இருந்தது. எதிரில் ஒரு பஸ் வந்து ஆட்களை ஏற்ற நின்றது. பச்சைப் பெயிண்ட் புதிதாக அடித்திருந்தது. பக்கவாட்டில் தாராபுரம், காங்கேயம் என்று எழுதியிருந்தது. சும்மா பார்த்துக்கொண்டு நின்றவளுக்கு, அந்த வரிசையில் ஒரு ஜன்னல் மட்டும் ஒரு முழம் கீழே இறங்கியிருப்பது கண்ணில் பட்டது.

முதலில் என் புத்தி அதை ஒத்துக்கொள்ளவில்லை. வேறு யாரோ இப்படியும் ஒரு வண்டி செய்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். கண்டக்டர், "ஏறுங்கம்மா, நேரமாச்சு" என்றார். காய்கறிப் பையோடு ஏறினேன். கட்டில் இருந்த இடத்தில் இரண்டு பெஞ்சு. அடுப்பு இருந்த மூலையில் ஒருவர் கோழிக் கூடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுவரில் என் அஞ்சறைப் பெட்டியை மாட்டியிருந்த இரண்டு ஆணிகளின் ஓட்டையைக்கூட அடைக்காமல் மேலே பெயிண்ட் அடித்திருந்தார்கள். தாழ்ந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். உட்கார்ந்து போகிறவர்களுக்கு அது உபயோகப்படாது. வெளியே பார்க்கக் குனியவேண்டும். எங்கே போகவேண்டும் என்று கண்டக்டர் கேட்டதற்கு, அடுத்த நிறுத்தம் எதுவோ அதுவரைக்கும் என்றேன். வண்டி யாருடையது என்று கேட்டேன். முதலாளி கோயமுத்தூர்க்காரர், மோட்டார் பட்டறை வைத்திருக்கிறார், லைசென்ஸ் வந்து ஒரு மாதம், இந்த ரோட்டில் ஓடத் தொடங்கி இரண்டு நாள்தான் ஆகிறது என்று அவர் பெருமையாகச் சொன்னார்.

மூன்று மைல் திரும்பி நடந்து வந்தேன். இவர் வீட்டில் இல்லை. டிரங்குப் பெட்டியைத் திறந்து கடிதக் கட்டை எடுத்தேன். டீச்சரம்மா பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் அதை அவர் கையில் கொடுத்து, ஒரு வார்த்தை விடாமல் படித்துச் சொல்லச் சொன்னேன். இரண்டு கடிதம் படித்ததும் அவர் நிறுத்திக்கொண்டார். உங்கள் வீட்டு விஷயம், நான் படிக்கலாமா என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு மேலே படித்தார்.

முதல் கடிதம் நாங்கள் மலையை விட்டு இறங்கும் முன்பே வந்தது. பஸ் லைசென்ஸ் கிடைக்க இரண்டு வருஷமாவது ஆகும், அதுவரை லாரி சும்மா நின்றால் கெட்டுவிடும், நீங்கள் ஓட்டிக்கொண்டிருந்தால் எஞ்சினும் ஓட்டத்தில் இருக்கும், அம்மாவுக்கும் பொழுது போகும் என்று மகன் எழுதியிருந்தான். பவானிக்கு வந்த கடிதத்தில், ஐப்பசிக்குள் வண்டி வேண்டும் என்று இருந்தது. அதைப் படித்த கையோடுதான் இவர் என் நெற்றியில் ஈரத்துணி போட்டு, அடுத்த வருஷம் முழுகலாம் என்று சொல்லியிருக்கிறார். தாராபுரத்து வீடு வாடகை வீடே இல்லை. நாங்கள் அங்கே குடிபோவதற்கு இரண்டு மாதம் முன்பே அப்பாவும் மகனும் பேசி வாங்கிவிட்டிருந்தார்கள்.

கடைசிக் கடிதத்தை டீச்சரம்மா மெல்லப் படித்தார். "அம்மா நம்பிக்கொண்டிருப்பதை நம்பட்டும் என்று நீங்கள் எழுதியது சரிதான். கொஞ்ச நாள் கேட்பாள், பிறகு மறந்துவிடுவாள்."

படித்துவிட்டுக் கடிதத்தை மடித்து என்னிடம் கொடுத்தார். எனக்கு அழுகை வரவில்லை. வெட்கம்தான் வந்தது. அந்தத் திரைகளை அவருக்கு நான் காட்டியிருந்தேன்.

இவர் வந்ததும் கடிதக் கட்டை முன்னால் வைத்தேன். பஸ்ஸில் ஏறிப் போனதையும் சொன்னேன். சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார். எல்லாம் எனக்காகத்தான் என்று பேசத் தொடங்கினார். என் மூட்டுவலிக்கு இந்த ஊர் வெயில்தான் மருந்து, வயதான காலத்தில் ரோட்டிலேயே கிடக்க முடியாது, பையனும் தலையெடுக்க வேண்டும் என்றார். ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் இருந்தது.

"மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்களே" என்றேன்.

"சொல்லியிருந்தா நீ அந்த ரெண்டு வருசமும் சந்தோசமா இருந்திருப்பியா?"

"ரெண்டு வருசந்தான்னு தெரிஞ்சிருந்தா, வழியில ஒரு நாளும் தூங்கியிருக்க மாட்டேனுங்க."

அவர் எழுந்து போய் கிணற்றடியில் முகம் கழுவினார். நான் வழக்கம்போலச் சோறு போட்டேன். அவர் சாப்பிட்டார்.

அடுத்த மாதம் மகன் மருமகளோடு வந்தான். எனக்குப் புடவை வாங்கி வந்திருந்தான். வண்டி நன்றாக ஓடுகிறது, எப்போது வேண்டுமானாலும் ஏறிக்கொள்ளலாம், உன்னிடம் யார் டிக்கெட் கேட்கப்போகிறார்கள் என்று சிரித்தான். அவன் ஏமாற்றியதாகவே நினைக்கவில்லை. அம்மாவைக் கேட்கவேண்டும் என்பது அவனுக்குத் தோன்றியே இருக்காது. பத்து வயதிலிருந்து அவனுக்கும் எனக்கும் நடுவே போய்வந்தது அவனுடைய அப்பா சொன்ன தமிழ்தான். குற்றத்தில் என் பங்கையும் அன்றைக்குக் கொஞ்சம் பார்த்தேன். ஆனாலும் அந்தப் பஸ்ஸில் நான் மறுபடி ஏறியதில்லை. அது வருகிற நேரம் தெரிந்துவிட்டதால், அந்த நேரத்தில் பின்கட்டுக்குப் போய்விடுவேன்.

டீச்சரம்மாவிடம் இங்கிலீஷ் எழுத்துப் படித்தேன். ஒன்றரை வருஷத்தில் மகனுடைய கடிதத்தை எழுத்துக்கூட்டிப் படிக்க வந்துவிட்டது. அது தெரிந்ததும் அவன் தமிழிலேயே எழுதத் தொடங்கினான். எல்லோரும் நலம், மழை இல்லை என்கிற மாதிரிக் கடிதங்கள்.

வீட்டைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. தையிலும் என் விரல் வீங்கவில்லை. குடத்தை ஒரு கையால் தூக்கி இடுப்பில் வைத்தேன். அவர்கள் சொன்னது சரியாகப் போயிற்றே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. வலித்திருந்தால் கோபத்துக்கு ஒரு ஆதரவாக இருந்திருக்கும்.

அந்தக் கடிதங்களைப் படித்த நாளுக்குப் பிறகு இவர் எதையும் மறைத்ததில்லை. வெளியே கிளம்பினால் எங்கே, யாரைப் பார்க்க, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று நான் கேட்காமலே சொல்வார். வந்ததும் யாரோடு என்ன பேசினேன் என்று ஒப்பிப்பார். நான் கேட்டுக்கொள்வேன். பிறகு டீச்சரம்மாவையோ கடைக்காரரையோ பார்க்கும்போது, பேச்சுவாக்கில் விசாரிப்பது போல, இவர் அங்கே வந்தது உண்மையா என்று தெரிந்துகொள்வேன். எனக்கே அது பிடிக்கவில்லை. நிறுத்தவும் முடியவில்லை. அவருக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒரு நாள் இவர் சந்தையிலிருந்து வந்து பையை இறக்கிவைத்தார். கத்திரிக்காய் விற்கிற ஆளின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமான கதையைச் சொன்னார். சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"டீச்சரம்மாவும் அங்கதான் இருந்தாங்க அம்மணி. வேணும்னா கேட்டுக்க."

அதில் கோபம் இல்லை. கேலியும் இல்லை. நேரம் கேட்டவருக்கு நேரம் சொல்வது போலச் சொன்னார். நான் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கத்திரிக்காயை அரிந்தேன்.