பாறைக் குழியில் புளித்த திராட்சை

உவரியில் மீன் விற்றவரின் மகள் சாரம்மாள். இத்தாலியில் ஒரு கன்னியர் மடத்துச் சமையற்கட்டில் வேலை பார்த்தபோது, மலைச்சரிவில் விளையும் வெள்ளைத் திராட்சையைப் பிழிந்து ஒயின் ஆக்கப் பழகிக்கொண்டாள். ஊர் திரும்பியதும் கணவன் கிருபைராஜோடு மணிமுத்தாற்றுக்கு மேலே ஒரு மேட்டுநிலம் வாங்கினாள். மண்வெட்டியைப் போட்டால் சுண்ணாம்புப் பாறையில்தான் இடிக்கும். மருந்து எதுவும் அடிக்காமல், சாணமும் வேப்பம்புண்ணாக்கும் போட்டே கொடிகளைப் பந்தலேற்றினாள். கிறிஸ்தவக் கோவில்களுக்குப் பூசை ஒயின் செய்துகொடுக்க அனுமதியும் கிடைத்தது.

அந்த வருடம் காய்ப்பு அதிகம். வழக்கத்தைவிடக் கூடுதலான பீப்பாய்களைப் பாறையில் வெட்டிய குழிக்குள் இறக்கினார்கள். சாறு பொங்கும் சத்தம் மேலே வரை கேட்டது. முதலில் குழிச் சுவரிலிருந்த பல்லிகளைக் காணோம். பிறகு கடைசிப் படியில் பூனை செத்துக் கிடந்தது. உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை.

சாரம்மாள் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கினாள். பாதியிலேயே அணைந்தது.

"இறங்காதீங்க அத்தான். புளிக்கும்போது வருத வாயு கீழ தேங்கி நிக்கி."

"காத்துல அணைஞ்சிருக்கும்ட்டி. பீப்பா மூடி தெறிச்சா எல்லாம் பாழாப் போவும். பைய பாத்துட்டு வந்திருதேன்."

"அப்போ இடுப்புல கயித்தைக் கட்டுங்க."

சிரித்துக்கொண்டே கட்டினான். இறங்கியவன், "ஒண்ணுமில்ல சாரா" என்றான். அடுத்து, மூட்டை விழுந்தாற்போல ஒரு சத்தம்.

அலறிக்கொண்டு படியில் கால் வைத்தவளைப் பழம் பறிக்க வந்த இசக்கிச்செல்வி கொண்டையைப் பிடித்து இழுத்தாள். "நீங்களும் போனா யாரு தூக்குவா அக்கா? கயித்தை இழுங்க!"

இருவரும் கை தோலுரிய இழுத்தார்கள். மேலே வந்தபோது அவன் உதடு நீலம் பாரித்திருந்தது.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் உயிர் பிழைத்தான். ஆனால் பழைய கிருபைராஜ் திரும்பவில்லை. சாப்பிட்டதை மறந்தான், பெற்ற மகளின் பெயரை மறந்தான். சாறு பொங்கி அடங்கியதும் சாரம்மாள் பீப்பாய்களைத் திறந்த கொட்டகைக்கு மாற்றிவிட்டு, குழியைக் கல் போட்டு மூடினாள்.

அடுத்த வருட அறுப்பிலும் சாறு பொங்கத் தொடங்கியது. கொட்டகையில் நின்றவள் திரும்பிப் பார்த்தாள். மூடிய குழியின் மேல் மண்டியிட்டு, அவன் ஒவ்வொரு கல்லாக எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டிருந்தான்.

"என்ன செய்யுதீங்க?"

"கீழ ஆள் கிடக்காம்லா" என்றான். "தூக்கணும்."