மெஷினுக்குக் காய்ச்சல்

தமிழில் பத்திரிகை அடித்துக் கொடுக்கும் தொழிலில் எல்லாரும் எழுத்துப்பிழைக்குப் பயப்படுவார்கள். நான் பயந்தது வெயிலுக்கு.

எண்பதுகளின் கடைசி அது. சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் எங்கள் கடை. கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா, இருபத்தொன்றாவது பிறந்தநாள் என்று எந்த நல்ல காரியம் வந்தாலும் அட்டை எங்களிடமிருந்துதான் போகும். முதலாளி பெயர் மாணிக்கம். வேலையாள் நான், ரோஸ்லின். மூன்றாவதாக ஒரு லேப்டாப். எங்கள் மூவரில் அதற்குத்தான் மரியாதை அதிகம்.

ஏதோ ஒரு கம்பெனி தலைமுழுகிய பழைய மெஷின். முதலாளியின் நண்பர் ஒருவர் அதற்குள் தமிழ் எழுத்தை ஏற்றிக் கொடுத்துவிட்டு ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோய்விட்டார். வேறு எந்தக் கம்ப்யூட்டரிலும் அந்த எழுத்து ஏற மாட்டேன் என்றது. பழைய ஈய எழுத்துகளையோ முதலாளி பழைய சாமான் வாங்கும் காராங்குனிக்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டார். ஆக, மெஷின் இருந்தால்தான் கடை, கடை இருந்தால்தான் எனக்கு வேலை. இல்லாவிட்டால் என் அண்ணி ஈசூனில் ஒரு தொழிற்சாலையில் எனக்காகப் பார்த்து வைத்திருந்த நைட் ஷிஃப்ட். அண்ணன் வீட்டில்தான் தங்கியிருந்தேன். வேலை முடிந்து போனதும் "சாப்பிட்டியா" என்று அண்ணி ஒரு நாளும் கேட்டதில்லை. "என்னா ரோஸ், மெஷின் போயிடுச்சா?" என்றுதான் கேட்பார்.

போகவில்லை, கொதித்தது. கொஞ்ச நேரம் அடித்தாலே அடிவயிறு சுடும். அப்புறம் திரையில் எழுத்து அப்படியே நின்றுவிடும். எந்தப் பொத்தானைத் தட்டினாலும் அசையாது. நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி போட்டால் அதுவரை அடித்தது எதுவும் இருக்காது. இந்த மாதிரி ஒரு ஜென்மத்தோடு மல்லுக்கட்டியவர்கள் உங்களில் யாராவது இருந்தால், வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

மடி

மெஷின் வந்த புதிதில் முதலாளிக்கு ஒரே பிடிவாதம். லேப்டாப் என்றால் மடியில் வைப்பது, அதனால் மடியில் வைத்துத்தான் அடிக்க வேண்டும் என்றார். மேசையில் வைத்தால் மதிப்புக் குறைந்துவிடுமாம். நானும் வைத்தேன். ஒரு காதுகுத்துப் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் வருவதற்குள் குதித்து எழுந்துவிட்டேன். "இவ்வளவு பெரிய கம்பெனிக்காரன் பேர் வெச்சிருக்கான், பொய்யா சொல்வான்?" என்று சண்டைக்கு வந்தார்.

"அப்ப நீங்க வெச்சுப் பாருங்க முதலாளி," என்றேன். கெத்தாக உட்கார்ந்து வேட்டிமேல் வைத்துக்கொண்டார். முகம் முதலில் சிரித்தது. பிறகு யோசித்தது. பிறகு மெஷினைத் தூக்கி மேசையில் வைத்துவிட்டு, மின்விசிறிக்கு நேரே போய் நின்றுகொண்டு சொன்னார்: "மேசைலயே வெச்சு அடிம்மா. மடி நமக்கு வேணும்லா."

தோசை

டாக்சி ஓட்டும் தனபால் அண்ணன், தன் மகனின் இருபத்தொன்றாவது பிறந்தநாளுக்கு அட்டை அடிக்க வந்தார். மெஷின் அப்போதுதான் படுத்திருந்தது. "கொஞ்சம் உக்காருங்கண்ணே, ஆறட்டும்," என்றேன். உட்கார்ந்தார். தேக்கா சந்தையில் வாங்கிய தோசைப் பொட்டலம் கையில் இருந்தது. நான் உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் பொட்டலத்தை மெஷின் மூடிமேல் வைத்துவிட்டு, நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு உச்சி மயிர் நட்டுக்கொண்டது. சட்டினி மட்டும் ஒழுகியிருந்தால் நான் நேராக நைட் ஷிஃப்ட்! பொட்டலத்தைப் பிடுங்கி அவர் கையில் திணித்து, வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவர் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை. இலையைத் தொட்டுப் பார்த்தார், முகம் மலர்ந்தது. "இதைப் போயி ரிப்பேர் பண்றேன்னு கெடுத்துடாதீங்க தங்கச்சி," என்றார். "வாங்கினப்பகூடத் தோசை இவ்வளவு சூடா இல்லை."

ஐஸ்

மெஷின் ரிப்பேர் பார்க்கும் டான், திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். வயதாகிவிட்டது, குளிர்ச்சியாக வைத்துக்கொள்ளுங்கள், வேறு வழியில்லை என்றார். குளிர்ச்சி என்றதும் முதலாளிக்கு ஏர்கான் நினைவுக்கு வந்திருக்கும் என்று நினைக்கிறீர்களா? அதுதான் இல்லை. மறுநாள் காலையில் தேக்கா ஈரச்சந்தையிலிருந்து ஒரு பை நிறைய ஐஸ் கொண்டுவந்து நின்றார். மீன்கடையில் அவருக்குத் தெரிந்த ஆள் சும்மாவே கொடுத்தாராம்.

ஐஸை ஒரு தட்டில் கொட்டி, அதன்மேல் கம்பி வலை, அதன்மேல் மெஷின். உண்மையைச் சொல்ல வேண்டும், அன்றைக்கு மெஷின் தங்கமாக ஓடியது. மத்தியானத்துக்குமேல்தான் கடைக்குள் இருப்பது ஐஸ் மட்டும் இல்லை என்று மூக்குக்குத் தெரிந்தது. ஐஸ் உருகியது, வாடை உருகவில்லை. மேசை, மேசைமேல் அடுக்கிய அட்டை, அட்டைக்கு வைத்திருந்த உறை எல்லாவற்றிலும் நெத்திலியும் கெளுத்தியும் குடியேறிவிட்டன. புதுமனை புகுவிழாவுக்கு அடிக்கக் கொடுத்திருந்த அம்மா அட்டையை வாங்கி, மஞ்சள் தடவப்போனவர், ஒரு நிமிடம் நின்று முகர்ந்தார். என்னைப் பார்த்தார். மறுபடி முகர்ந்தார்.

"நாங்க சைவம்மா," என்றார் மிகப் பொறுமையாக. "வீடும் சைவம். பத்திரிகையை மட்டும் ஏம்மா இப்படிப் பண்ணிட்டீங்க?"

சந்தனம்

ஆயுத பூசைக்கு மறுநாள் மெஷின் எப்போதையும்விட மோசம். போட்ட கொஞ்ச நேரத்திலேயே நின்றுவிடும். ஆறவிட்டுப் போட்டால் மறுபடி நிற்கும். கதை முடிந்தது, அண்ணி ஜெயித்துவிட்டார் என்றே நினைத்தேன். திருப்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மெஷினின் முதுகில் சூடு வெளியே போவதற்கென்று வரிசையாக ஓட்டைகள் உண்டு. முதலாளி பூசையில் அந்த வரிசை முழுக்கக் கெட்டியாகச் சந்தனம் அப்பி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு குங்குமப் பொட்டு வைத்திருந்தார். வேலை என்னவோ அழகாகத்தான் இருந்தது. மெஷினுக்குத்தான் மூச்சு முட்டியது.

சொன்னேன். தவித்துப்போய்விட்டார். பூசையில் வைத்த சந்தனத்தைத் துடைக்கக் கூடாது, தானாகக் காய்ந்துதான் உதிர வேண்டும் என்பது அவர் வீட்டு வழக்கம். அது உதிர்வதற்குள் கடை உதிர்ந்துவிடும் என்றேன். மெஷினைச் சுற்றிச் சுற்றி நடந்தார். சாமி படத்தைப் பார்த்தார். என் கழுத்தில் கிடந்த சிலுவையைப் பார்த்தார். சட்டென்று முகத்தில் ஒரு வெளிச்சம்.

"ரோஸ், நீ துடைச்சுடு," என்றார். "நீங்கதான் வேதக்காரங்களாச்சே, எங்க சாமி உன்னைக் கேக்காது."

தீர்த்தம்

மெஷின் எங்கள் சாமியையும் விட்டுவைக்கவில்லை. எங்கள் கோயிலிலிருந்து பங்குத் திருவிழாவுக்கு ஜெபப் புத்தகம் அடிக்கக் கொடுத்திருந்தார்கள், ஃபாதரே பிழை பார்க்க வந்தார். வந்த நேரம் பார்த்து மெஷின் மன்றாட்டு மாலை ஜெபத்தின் நடுவில் நின்றது. நான் விசிறியால் அதற்கு விசிறிக்கொண்டிருந்த கோலத்தைப் பார்த்து அவருக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். "பயப்படாதம்மா, மந்திரிச்சுடறேன்," என்று சொல்லிக்கொண்டே பையிலிருந்து தீர்த்தப் புட்டியை எடுத்தார்.

கரண்டில் ஓடும் மெஷின்மேல் தண்ணீர்! "ஃபாதர், வேணாம்!" என்று கத்திக்கொண்டு நான் குறுக்கே பாய்ந்தேன். மொத்தத் தீர்த்தமும் என் தலையில். முகத்திலிருந்து சொட்டச் சொட்ட நின்றேன். ஃபாதர் புட்டியை மூடி, பைக்குள் வைத்து, அமைதியாகச் சொன்னார்: "நல்லதாப் போச்சு. இனிமே நீயாவது நடுவுல நிக்க மாட்டே."

வீட்டுக் கல்யாணம்

இதுவரை சொன்னது விளையாட்டு. முதலாளியின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோதுதான் வினை வந்தது. முதலாளியம்மாவுக்குக் கடையைக் கண்டாலே ஆகாது. எப்போது வந்தாலும் முந்தானையால் விசிறிக்கொண்டே, "மூடித் தொலைங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். மகள் பத்திரிகையை மெஷின் மூன்றாவது தடவையாக விழுங்கிய அன்று அவரும் கடையில்தான் இருந்தார். மகள் பெயர் திரையில் பாதியில் நின்றதைக் கண்ணால் பார்த்துவிட்டார்.

"சனிக்கிழமை சம்பந்தி வீட்டுல தட்டு மாத்தி அட்டை வாங்க வராங்க," என்றார் புருஷனிடம். "வெள்ளிக்குள்ள வரலேன்னா வேற கடையில குடுப்பேன். பெத்த பொண்ணுக்கே பத்திரிகை அடிக்கத் துப்பில்லாத கடை நமக்கு எதுக்கு? அன்னைக்கே இழுத்து மூடுங்க." முதலாளி தலையை மட்டும் ஆட்டினார். எனக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. தமிழ்த் தட்டச்சைத் தவிர எனக்கு வேறு ஒன்றும் தெரியாது. அந்த எழுத்தும் இந்த ஒரு மெஷினில்தான் இருந்தது. மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டேன். அதுவும் சூடுதானே என்று பிறகுதான் உறைத்தது.

வெள்ளிக்கிழமை காலை. நல்ல வெயில். கண்ணைத் துடைத்துக்கொண்டு சந்து முனைக்கு வந்தேன். அங்கே மாலை கட்டும் லெட்சுமி அக்கா, ஊரிலிருந்து வந்த மல்லிகைக் கூடைகளை ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுபோய்க்கொண்டிருந்தார். பூ வாடாமல் இருக்கக் கடைக்குப் பின்னால் அவருக்கு ஒரு குளிர் அறை உண்டு. கதவைத் திறந்ததும் ஜில்லென்று ஒரு காற்று என் முகத்தில் அடித்தது. அவ்வளவுதான், முதலாளியைக் கூட்டிவரக் கடைக்குத் திரும்பி ஓடினேன்.

"பூ வெக்கிற இடத்துல மெஷினா? உனக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார் லெட்சுமி அக்கா. ஆனால் பெரிய மனசு. தானே ரெண்டு கூடையை நகர்த்தி இடம் பண்ணிக் கொடுத்தார். முதலாளி மெஷினைத் தூக்கிவர, நான் பிரிண்டரைத் தூக்கிவர, கதவு இடுக்கு வழியாக ஒயர் இழுத்தோம். கவிழ்த்துப்போட்ட கூடைமேல் மெஷின். எனக்கு லெட்சுமி அக்காவின் ஸ்வெட்டரும் தலையைச் சுற்றி ஒரு துண்டும். விரல் விறைத்தது, மூக்கு ஒழுகியது, சுற்றிலும் மல்லிகை. அடித்தேன். மெஷின் நிற்கவில்லை. மணமகன் வீட்டார், மணமகள் வீட்டார், முகூர்த்தம், மண்டபம், "தங்கள் நல்வரவை நாடும்" வரை வந்துவிட்டது. நிற்கவே இல்லை!

பிரிண்டர் கிரீச்சென்று கத்த ஆரம்பித்த நேரத்தில் கதவு திறந்தது. கல்யாண மாலைக்குப் பூ பார்க்க வந்த முதலாளியம்மா! என்னை மேலும் கீழும் பார்த்தார். பின்னாலேயே ஓடிவந்த முதலாளி, "அது வந்து..." என்று இழுத்தார். முதலாளியம்மா அவரையும் உள்ளே விட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். பிரிண்டரிலிருந்து தாளைக் கிழித்து எடுத்து மகள் பெயரை வாசித்தார். மறுபடியும் வாசித்தார். கண் கலங்கியது. காகிதத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்புவார் என்று பார்த்தால், கிளம்பவில்லை. பூக்கூடை ஒன்றின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். அவர் முந்தானையால் விசிறாமல் உட்கார்ந்ததை அன்றைக்குத்தான் நான் முதன்முதலாகப் பார்த்தேன்.

"ஏங்க," என்றார் கடைசியில். "நான் கல்யாணம் ஆன நாள்லேருந்து கடையை மூடுங்க மூடுங்கன்னு கத்தினது வேற எதுக்கும் இல்ல. அங்க உக்காந்தா சூட்டுல எனக்கே மூளை இந்த மெஷின் மாதிரிதாங்க நின்னு போகுது."

ஏர்கான்

அட்டை அன்றைக்கே அச்சாகி, ராத்திரி முழுக்கப் பூ அறையிலேயே இருந்தது. சனிக்கிழமை சம்பந்தி வீட்டார் வாங்கிப் பார்த்து, மல்லிகை வாசம் எப்படி ஏற்றினீர்கள் என்று கேட்டார்களாம். அது ஒரு தனித் தொழில்நுட்பம் என்று முதலாளி சொல்லிவிட்டாராம்.

கல்யாணம் முடிந்ததும் முதலாளியம்மா ஆளைக் கூட்டிவந்து, தானே நின்று கடைக்கு ஏர்கான் மாட்டினார். முதல் வேலையாக முதலாளி அதன் வாயை மெஷின் பக்கம் திருப்பிவைத்தார். முதலாளியம்மா தன் நாற்காலி பக்கம் திருப்பினார். அதன் பிறகு அவர் தினமும் வந்தார், கடையை மூடு என்ற பேச்சே இல்லை. சாயந்திரம் அடைக்கிற நேரத்தில்கூட எழுந்திருக்க மனசு வராது. மெஷினும் வேலை செய்தது, நானும் வேலையில் இருந்தேன்.

ஏர்கான் மாட்டிய அன்று வீட்டுக்குப் போனதும் அண்ணி வழக்கம்போல ஆரம்பித்தார். "மெஷின் போயிடுச்சா?" போகவில்லை, ஏர்கான் போட்டிருக்கிறார்கள் என்றேன். அண்ணி கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ரோஸ், உங்க கடையில இன்னொரு ஆள் எடுப்பாங்களா?"

நான் வருஷக்கணக்காக வேர்த்துக் கொட்டியதை யாரும் ஒரு கோளாறாகவே எடுத்துக்கொள்ளவில்லை. மெஷினுக்கு வேர்த்த பிறகுதான் எங்கள் கடையில் வெயில் அடிக்கிறது என்பதே எல்லாருக்கும் தெரியவந்தது.